நேர வரிசை ஃபீடு: கொப்பரைக் களத்தில் வைத்துப் பார்த்த அனுபவம்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் மூன்றிலும் பதிவுகள் வரிசையாக வந்து நிற்கும் ஃபீடை நேர வரிசையில் பார்க்கும்படி மாற்றிக்கொண்டேன். கடைசியாகப் போட்ட பதிவு மேலே, அதற்கு முந்தையது அதற்குக் கீழே, அவ்வளவுதான் விஷயம். எதற்கு எத்தனை லைக், எது அதிகம் ஓடுகிறது, நான் எதில் நின்று பார்ப்பேன் என்ற கணக்கெல்லாம் இதில் கிடையாது. ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் இப்படியே ஓட்டிய பிறகு எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விவசாயம், தறி, களம், சந்தை வியாபாரம் என்று அன்றன்றைக்கு வரும் சங்கதியை வைத்துப் பிழைக்கிறவர்கள் கட்டாயம் மாற்றிக்கொள்ள வேண்டும். பொழுது போக மட்டும் போன் பார்க்கிறவர்களுக்கு இது அவ்வளவு ருசிக்காது.

எங்களுக்கு வெள்ளகோவில் பக்கம் தென்னந்தோப்பு, காங்கேயம் ரோட்டில் ஒரு உலர் களம். சொந்தக் காய் போக வெளியிலும் வாங்கி, மட்டை உரித்து, உடைத்து, காயப்போட்டுக் கொப்பரையாக விற்கிறோம். இந்த வழியாக பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், ரோட்டோரக் களங்களில் வெள்ளை வெளேரென்று தேங்காய் பரப்பிக் கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் இருப்பதால் எங்களுக்குக் கிடைக்கிற வெயிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றும்தான் இந்தத் தொழிலையே இங்கே நிறுத்தியிருக்கின்றன. உடைத்த காய் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் பருப்பு தொட்டியை, அதாவது சிரட்டையை, விட்டுக் கழன்றுகொள்ளும். தொட்டியை எடுத்து ஒதுக்கிவிட்டுப் பருப்பை மட்டும் இன்னும் மூன்று நான்கு நாள் காய விட வேண்டும். நடுவில் ஒரு மழை நனைத்துவிட்டால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போகும். முதல் தரமாகப் போக வேண்டியது இரண்டாம் தரமாகிவிடும்.

அதனால் எங்கள் களத்தில் போன் பார்ப்பது பொழுதுபோக்கு இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேற்கே இருட்டினால், களம் முழுக்கக் கிடப்பதைக் குவித்துப் படுதா போட முக்கால் மணி நேரமாவது வேண்டும். பொய்யான பயத்தில் குவித்துவிட்டால் அரை நாள் வெயில் வீண். ஆள் கூலியும் வீண். "படுதா இழுக்கோணுங்களாக்கா?" என்று கேட்கிறவர்களுக்கு ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ உடனே சொல்ல வேண்டும்.

வானிலை மையம் கொடுக்கும் அறிவிப்புகளில் எங்களுக்கு மிகவும் முக்கியமானது "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று மாவட்டப் பெயர்களோடு வருவது. இடி மழை எப்போது எங்கே என்பதைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொல்கிற அறிவிப்பு அது. அதன் ஆயுள் அந்த மூன்று மணி நேரம்தான். செய்திப் பக்கங்கள் அதை அப்படியே எடுத்துப் போடுகின்றன. கோடை மழைக் காலத்தில், சித்திரை வைகாசியில், ஒரே நாளில் இரண்டு மூன்று அறிவிப்புகூட வரும்.

இந்த அறிவிப்பும், நாம் மாற்றாதவரை வழக்கமாக வரும், பதிவுகளைத் தரம் பிரித்துக் காட்டும் ஃபீடும் ஒத்தே போகாது. காலையில் ஏழு மணிக்குப் போனைத் திறக்கிறேன் என்று வையுங்கள். முதலில் நிற்பது, "அடுத்த 3 மணி நேரத்தில் திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு." வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. பக்கத்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் பார்த்தால் பதினாறு மணி நேரத்துக்கு முந்தையது என்று இருக்கும். களத்து வெயிலில் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பது பெரும்பாடு. பிரைட்னஸை முழுக்க ஏற்றி, முந்தானையால் நிழல் பிடித்துத்தான் பார்க்க முடியும்.

ஏன் அப்படிப் பழையது மேலே நிற்கிறது? இதைப் புரிந்துகொண்டால்தான் மாற்றுவதன் அருமை தெரியும். ஃபேஸ்புக்கில் நியூஸ் ஃபீடு வந்தது 2006-ல். அதற்கப்புறம் பதிவுகளை வரிசைப்படுத்த ஒரு கணக்கு வந்தது. போட்டவரோடு நமக்கு எவ்வளவு பழக்கம், பதிவுக்கு லைக்கா கமெண்டா என்ன வந்திருக்கிறது, எவ்வளவு பழையது என்ற மூன்றும் ஆரம்பகாலக் கணக்கில் முக்கியம். பிற்பாடு இன்னும் பல சேர்ந்தன. 2018 ஜனவரியில், ஆட்களுக்குள் பேச்சு நடக்கும் பதிவுகளுக்கு முக்கியத்துவம் தருவதாக அந்த நிறுவனமே அறிவித்தது. ஒரு பதிவுக்குக் கீழே பேச்சு வளர வளர அது மேலே ஏறும்.

மழைப் பதிவுக்குக் கீழே எப்போது பேச்சு வளர்கிறது? சொன்னபடி மழை பெய்துவிட்டால் நாலு பேர் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பெய்யாவிட்டால்தான் "எங்கூருக்கு ஒரு சொட்டுக்கூட இல்லீங்", "தாராபுரத்துல நல்ல மழைங், மூலனூர்ல காத்து மட்டுந்தான்", "எப்பப் பாரு இதே பொழப்பு" என்று நூறு கமெண்ட் விழுகிறது. அதாவது பொய்த்துப்போன அறிவிப்புதான் ராத்திரி முழுக்கப் பேசப்பட்டு, விடிந்ததும் நம் திரையில் முதலில் வந்து நிற்கிறது. கணக்கு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நமக்கு வேண்டிய வேலை அது இல்லை.

நேர வரிசையில் வைத்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் பெரும்பகுதி போய்விடுகிறது. ஃபேஸ்புக்கில் இதற்கான இடத்தின் பெயர் ஃபீட்ஸ். 2022 ஜூலையில் வந்தது. மூன்று கோடு போட்ட மெனுவுக்குள் போனால் இருக்கும். உள்ளே போனதும் மேலே எல்லாம், ஃபேவரிட்ஸ், நண்பர்கள், குரூப்புகள், பக்கங்கள் என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. களத்தில் நிற்கும்போது பக்கங்கள் மட்டும். ராத்திரி சோறாக்கி முடித்து உட்கார்ந்தால் நண்பர்கள். முன்பின் தெரியாத பக்கத்தின் பதிவை 'உங்களுக்காக' என்று இங்கே செருக மாட்டார்கள். விளம்பரம் வரும், அது எங்கேயும் வரும்.

மாற்றின உடனே சுகம் என்று சொல்ல மாட்டேன். முதலில் பார்த்தபோது ஒரே வெள்ளம். ஆளைப் பார்த்து லைக் போட்ட பக்கங்கள், எப்போதோ ஒரு சமையல் குறிப்புக்காகப் பின்தொடர்ந்தவை, கல்யாண மண்டபம், நகைக்கடை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எதையாவது போட்டுக்கொண்டே இருக்கும் உள்ளூர்ச் செய்திப் பக்கங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. சந்தையில் சத்தமாகக் கூவுகிறவர் கடைக்கு முன்னால்தான் கூட்டம் நிற்கும், நேர வரிசையிலும் அடிக்கடி போடுகிறவர்தான் இடத்தை அடைக்கிறார். இதுதான் இந்த முறையின் உண்மையான குறை. இதைச் சொல்லாமல் "மாற்றுங்கள், மாற்றுங்கள்" என்று மட்டும் சொல்கிறவர்கள் முழுசாகப் பயன்படுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அதற்கு வழி களையெடுப்புதான். ஆளை நட்பிலிருந்து நீக்காமலே பின்தொடர்வதை மட்டும் நிறுத்தலாம், அவருக்குத் தெரியப்போவதில்லை. தற்காலிகமாகப் போதும் என்றால் 30 நாள் ஸ்னூஸ் போடலாம். தேர்தல் நேரத்தில் சொந்தக்காரர்களுக்கு அதுதான் நல்லது. நான் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் களைந்தேன். களைந்து முடித்தபிறகு மிஞ்சியவை வானிலைப் பக்கங்கள், திருப்பூர் ஈரோடு மாவட்டச் செய்தி, கொப்பரை தேங்காய் குரூப்புகள், சொந்தபந்தம். ஃபேஸ்புக்கில் ஃபேவரிட்ஸ் என்று 30 பேர் வரை குறித்து வைக்கலாம். மழைக்காலத்தில் நான் திறப்பது அதை மட்டும்தான். நாலு தடவை தள்ளினால் நேற்றைக்குப் போய்விடலாம். அதற்குமேல் தள்ள ஒன்றும் இல்லை, போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

அடுத்து விலை. 2025 பருவத்துக்கு, எண்ணெய் ஆட்டப் போகும் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அதே ஆண்டு நடுவில் வெளிச்சந்தையில் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனது. அப்படி ஏறி இறங்குகிற காலத்தில் போன ஏலத்து விலையை இன்றைய விலை என்று நம்பினால் மூட்டைக்கு மூட்டை நஷ்டம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஏலம் முடிந்ததும் முதல் தரம் எவ்வளவு, இரண்டாம் தரம் எவ்வளவு என்று யாராவது குரூப்பில் போட்டுவிடுவார்கள். வாங்க வருகிற வியாபாரி போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதானுங்க்கா வெலை" என்பார். எங்கள் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "நேத்து ஏலமுங்களா, போன வாரத்துதுங்களா?"

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபேஸ்புக் குரூப்புக்குள் போனால் வரிசையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் 'சமீபத்திய செயல்பாடு' என்று ஒன்று, 'புதிய பதிவுகள்' என்று ஒன்று. முதலாவதைத் தொட்டுவிட்டு நேர வரிசைக்கு வந்துவிட்டோம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது கமெண்ட் விழுந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்துவது. போன மாதத்து விலைப் பதிவுக்கு ஒருவர் இன்றைக்கு "இப்ப என்ன வெலைங்க?" என்று கேட்டால், அந்தப் போன மாதத்து விலை மேலே வந்துவிடும். நமக்கு வேண்டியது புதிய பதிவுகள். கமெண்டுகளுக்கும் இதே கதைதான், அங்கேயும் புதியவை முதலில் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். விலைப் பதிவுகளில் உண்மையான சங்கதி கமெண்டில்தான் இருக்கும். ஈரப்பதம் பார்த்து எவ்வளவு கழித்தார்கள், வெளியூர் வியாபாரிகள் வந்தார்களா, மூட்டை வரத்து எப்படி என்பதையெல்லாம் ஏலத்துக்குப் போய்வந்தவர்கள் அங்கேதான் எழுதுகிறார்கள்.

தண்ணீர், கரண்ட் இரண்டுக்கும் இதே பயன்தான். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நாங்கள் கடைமடை. ஆயக்கட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலம் முடிந்து அடுத்த மண்டலமாகத் திருமூர்த்தி அணையிலிருந்து தண்ணீர் விடுவார்கள். நம் மண்டலம் சுற்றி வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகிவிடும். அணை திறந்த படம், பூத் தூவுகிற படம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எந்த மண்டலம், எந்தத் தேதி என்று பார்க்காவிட்டால் அது நமக்கானதா என்றே தெரியாது. நாளைய மின்தடை அறிவிப்பும் அப்படித்தான். ஊர்ப் பெயர்களை வரிசையாகப் போட்டு காலை 9 மணி முதல் என்று வரும். மறுநாள் பார்த்து என்ன பண்ணுவது? தோப்புக்குச் சொட்டு நீர் விட மோட்டார் ஓட்ட வேண்டியவர்கள் முந்தின நாள் பொழுதோடு அதைப் பார்த்தால்தான் ராத்திரியே ஓட்டி முடிக்க முடியும்.

இதைவிட என் மனசுக்குப் பெரிதாகப் பட்ட ஒன்று இருக்கிறது. அடிக்கடி போடாதவர்கள் திரும்பக் கண்ணில் பட ஆரம்பித்தார்கள். தரம் பிரிக்கும் கணக்கில் நமக்கு யாரோடு பேச்சுவார்த்தை அதிகமோ அவர்களுக்குத்தான் முதல் மரியாதை. வருடத்துக்கு இரண்டு தடவை எதையாவது போடும் தூரத்துச் சொந்தம் அடியில் போய்விடும். நேர வரிசையில் அவரும் மற்றவரும் ஒன்றுதான்.

தாராபுரம் தாண்டி ஒரு கிராமத்தில் என் அம்மா வழியில் ஒரு பெரியம்மா இருந்தார். அவர் மகன் எனக்குத் தம்பி முறை, ஃபேஸ்புக்கில் இருக்கிறான் என்பதே நினைவில் இல்லாத அளவுக்கு அமைதியானவன். ஒரு விடியற்காலையில் களத்துக்குக் கிளம்பும் முன் நண்பர்கள் பகுதியைத் திறந்தேன். முதலில் நின்றது பெரியம்மாவின் படம், மாலை போட்டு. ராத்திரி இறந்துவிட்டார், மதியத்துக்குள் எடுக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் எழவுக்குப் போகாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை, அதுவும் பெரியம்மா முறை. கோடித் துணி எடுத்துக்கொண்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லியனுப்ப ஆளில்லீங்க்கா, போன்ல போட்டுட்டேன், பாப்பீங்களோ மாட்டீங்களோன்னு இருந்துச்சு" என்றான். ஒரு லைக்கோ ஒரு கமெண்டோ இல்லாத பதிவு அது. அதற்காகவே இந்த மாற்றத்துக்கு நான் எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

இன்ஸ்டாகிராம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நான் அதிகம் இருப்பது அங்கே இல்லை. 2016 வரை அங்கே எல்லாம் நேர வரிசைதான். அந்த ஆண்டு மாற்றினார்கள், 2022 மார்ச்சில் ஒரு வழியாக ஃபாலோயிங், ஃபேவரிட்ஸ் என்ற இரண்டு தேர்வைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். மேலே இன்ஸ்டாகிராம் என்று எழுதியிருக்கும் இடத்தில் தட்டினால் வரும். ஃபேவரிட்ஸில் 50 கணக்கு வரை வைக்கலாம். காலேஜ் படிக்கும் பெண்ணுக்கு இது பிடிக்கவில்லை. "ரீல்ஸ் இல்லாம என்னம்மா இருக்கு இதுல?" என்கிறாள். அவள் வயதுக்கு அவள் சொல்வது நியாயம்தான். துணிக்கடை, பிளவுஸ் தைக்கிறவர்கள், கேக் செய்கிறவர்கள் என்று இன்ஸ்டாவில் தொழில் செய்யும் பெண்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன். வாடிக்கையாளர்களிடம் உங்களை ஃபேவரிட்ஸில் போடச் சொல்லுங்கள். புதுச் சரக்கு வந்த அன்றைக்கே அவர்கள் கண்ணில் படும்.

யூடியூபில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற பகுதி கீழேயே இருக்கிறது. முகப்பை விட்டுவிட்டு நேராக அதற்குப் போய்ப் பழகிக்கொண்டால் போதும். புயல் காலத்தில் இது மிகவும் உதவும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாப் பக்கம் தென்னையைச் சாய்த்துப் போட்டதை நாங்கள் மறக்க மாட்டோம். அதற்கப்புறம் ஒவ்வொரு கார்த்திகையிலும் "இன்று இரவு கரையைக் கடக்கிறது" என்று தலைப்புப் போட்ட வீடியோவைப் பார்த்தால் தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அது எந்த ஆண்டுப் புயல் என்பது முதலில் தெரிய வேண்டும். சப்ஸ்கிரிப்ஷன்ஸில் இன்றைக்குப் போட்டது இன்றைக்கு வரும்.

எக்ஸ் தளம், பழைய ட்விட்டர், மாவட்ட ஆட்சியர் கணக்குக்காக மட்டும் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் பள்ளி விடுமுறை அறிவிப்பு அங்கே சீக்கிரம் வந்துவிடும். போன வாரத்து விடுமுறைப் பதிவை இன்றைக்குப் பார்த்துப் பிள்ளையை வீட்டில் நிறுத்திய தாய்மார்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அங்கே 'உங்களுக்காக', 'ஃபாலோயிங்' என்று இரண்டு பகுதி. ஃபாலோயிங்குக்குள்ளேயே வரிசையைத் தேர்ந்தெடுக்கும் இடம் தெரிந்தால் அதில் புதியவை என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் கணக்கை மட்டும் நேராகத் திறந்து பார்ப்பது இன்னும் நல்லது.

"வாட்ஸ்அப் குரூப் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு, அது நேர வரிசைதானே?" என்று பலர் கேட்கிறார்கள். வரிசை நேரப்படிதான். ஆனால் அங்கே தெரிகிற நேரம், அனுப்பியவர் நமக்கு அனுப்பிய நேரம். அந்தச் செய்தி முதன்முதலில் எப்போது எழுதப்பட்டது என்பது பார்வர்ட் ஆகும்போதே தொலைந்துவிடுகிறது. போன ஆண்டு அணை நிரம்பிய படம் இன்று காலை 6.10-க்கு வந்ததாக நிற்கும். ஃபேஸ்புக்கில் ஷேர் செய்த பதிவென்றால் உள்ளே மூலப் பதிவின் தேதி தனியாகத் தெரியும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். படத்தை மட்டும் இறக்கி மறுபடி ஏற்றினால் அங்கேயும் அந்த வசதி போய்விடும். நேர வரிசை சொல்வது ஏற்றிய நேரத்தைத்தான், படத்துக்குள் இருக்கும் சங்கதியின் வயதை அது சொல்லாது. இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

இதைப் பற்றிப் பெரிய அளவில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் தலா 20,000 பேருக்கு மேல் சேர்த்து, அதில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் நேர வரிசை ஃபீடைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2023 ஜூலையில் சயின்ஸ் இதழில் வந்தது. நேர வரிசையில் இருந்தவர்கள் அந்தத் தளங்களில் செலவழித்த நேரம் குறைந்தது. ஃபேஸ்புக்கில் தரக்குறைவான பேச்சு கண்ணில் படுவதும் குறைந்தது. அதே சமயம் அரசியல் பதிவுகளும், நம்பகமில்லாத இடங்களிலிருந்து வருபவையும் அதிகமாயின. ஆட்களின் அரசியல் நிலைப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நான் பார்த்ததும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. நேரம் நிச்சயம் மிச்சமாகிறது. தரம் பிரிக்கும் வடிகட்டியை எடுத்துவிடுவதால், யாரைப் பின்தொடர்கிறோம் என்ற பொறுப்பு முழுக்க நம் தலையில் விழுகிறது. களையெடுக்காமல் நேர வரிசைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

இழப்பும் உண்டு. நல்ல கட்டுரை, வெள்ளை ஈக்கு மருந்தடித்து மரம் தேறிய ஒருவரின் அனுபவம் இப்படி ஒரு வாரம் பழையதானாலும் கெட்டுப்போகாதவை நேர வரிசையில் அடித்துக்கொண்டு போய்விடும். அன்றைக்குப் பார்க்காவிட்டால் போனது போனதுதான். அதற்காக ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய முகப்பைத் திறந்து ஒரு சுற்றுப் பார்க்கிறேன். நல்லதாக எதுவும் பட்டால் சேமித்து வைத்துக்கொள்கிறேன். அந்த வேலைக்குத் தரம் பிரிக்கும் ஃபீடு நன்றாகவே இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை வேறு. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நேர வரிசையை நிரந்தர முகப்பாக வைக்க முடியாது. ஆப்பை மூடித் திறந்தால் பழைய இடத்தில்தான் நிற்கும், மறுபடி மெனுவுக்குள் போக வேண்டும். கையில் தேங்காய்ப் பால் பிசுக்கோடு, திரையைச் சுண்டுவிரலால் தொடுகிற ஆளுக்கு அந்த இரண்டு தட்டல் பெரிய தூரம். ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. பெரிய தளங்கள், ஆளின் பழக்கவழக்கத்தைக் கணக்கெடுக்காத ஒரு வரிசையையும் கொடுத்தாக வேண்டும். அதை வைத்து நெதர்லாந்தில் ஓர் உரிமை அமைப்பு வழக்குப் போட்டது. பயனர் ஒரு தடவை தேர்ந்தெடுத்தால் ஆப்பை மூடித் திறந்தாலும் அது மாறாமல் இருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசியல் செய்தியை முன்வைத்துத்தான் அங்கே வாதாடினார்கள். மழைக்கும் விலைக்கும் தண்ணீருக்கும் இதே உரிமை நமக்கு வேண்டும். விவசாயச் சங்கங்கள் கேட்கிற கோரிக்கைகளில் இதையும் சேர்க்கலாம் என்று நிஜமாகவே நினைக்கிறேன்.

அதுவரை ஒரு சுற்றுவழி. கம்ப்யூட்டரில் பார்ப்பவர்கள் ஃபீட்ஸ் பக்கத்தைத் திறந்து அதையே புக்மார்க் செய்துவிட்டால் முகப்பைத் தொடாமல் நேராகப் போகலாம். எங்கள் களத்து ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரில் அப்படித்தான் வைத்திருக்கிறோம். எடை போட வருகிறவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். போனில் மட்டும் பார்ப்பவர்கள் வானிலைப் பக்கத்துக்கு அறிவிப்பு மணியை ஆன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் பக்கத்துக்கும் அதை அணைத்து வையுங்கள். அப்போதுதான் மணி அடித்தால் மழை என்று அர்த்தமாகும்.

பக்கம் நடத்துகிறவர்களுக்கும் குரூப் அட்மின்களுக்கும் ஒரு வேண்டுகோள். படத்துக்குள்ளேயே தேதியையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் போடுங்கள். மழை அறிவிப்பென்றால் எத்தனை மணி வரைக்கும் என்று எழுதுங்கள். விலையென்றால் எந்த விற்பனைக்கூடம், எந்தத் தேதி ஏலம், எந்தத் தரம் என்று மூன்றும் இருக்கட்டும். தண்ணீர் திறப்பென்றால் எத்தனையாவது மண்டலம் என்று சேர்த்துப் போடுங்கள். அப்படிப் போடுகிற பக்கங்களை மட்டும்தான் நான் ஃபேவரிட்ஸில் வைத்திருக்கிறேன், இன்னும் இடம் காலியாக இருக்கிறது.